விருந்தும் மருந்தும் முப்பது நாள்

நாகப்பட்டினத்தில் தபால் ஆபீஸ் கவுன்டரில் 33 வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள் நான். காலையில் போனதும் முதல் வேலை முத்திரையில் தேதி மாற்றுவதுதான். நேற்றைய எழுத்தை எடுத்துவிட்டு இன்றையதைச் செருகி, முத்திரைப் புத்தகத்தில் ஒரு குத்து குத்திப் பார்த்த பிறகே கவுன்டர் திறக்கும். தேதி தப்பினால் விவகாரம் கோர்ட்டு வரைக்கும் போகும் என்று புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவளும் நான்தான். அப்படிப்பட்டவள், 2025 ஜனவரி 20ஆம் தேதி பினாங்கு விமான நிலையத்தில் என் பாஸ்போர்ட்டில் விழுந்த முத்திரையைப் படிக்காமலேயே கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

போனது மகளின் பேறுகாலத்துக்கு. மகளும் மருமகனும் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இன்ஜினியர்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். இந்தக் காலத்தில் தாய்வீடுதான் விமானம் ஏறிப் போக வேண்டியிருக்கிறது. சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானம் 2024 டிசம்பரில்தான் தொடங்கியிருந்தது. இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் சொல்லிவிட்டது. அந்தச் சலுகையை 2026 கடைசி வரை நீட்டியும் இருக்கிறது. “விசாவே கிடையாதும்மா, டிக்கெட் எடுத்தா போதும்” என்றார் மருமகன்.

அந்த வாக்கியத்தில்தான் எல்லாக் குழப்பமும் இருக்கிறது. விசா வேண்டாம் என்றால் வரம்பு இல்லை என்று அர்த்தமில்லை. விசா என்பது வாசலுக்கு வருவதற்கான அனுமதி. வாசலில் நிற்கும் அதிகாரி, உள்ளே வந்து இத்தனை நாள் இருக்கலாம் என்று குத்திக் கொடுப்பது பாஸ். மலேசியாவில் அதற்கு சமூக வருகை பாஸ் என்று பெயர். விசா தள்ளுபடி ஆனாலும் பாஸ் தள்ளுபடி ஆவதில்லை. இந்தியர்களுக்கு அது 30 நாள். மலேசியா போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகை அட்டையும் உண்டு, எம்டேக் என்கிறார்கள். அது இலவசம். அதற்குப் பணம் கேட்கிற தளம் எதுவானாலும் அரசாங்கத்துடையது அல்ல.

அந்த முத்திரையை நான் நிதானமாகப் படித்தது பிப்ரவரியில்தான். இன்ன தேதிக்குள் வெளியேற வேண்டும் என்று அதில் அச்சடித்திருக்கவில்லை. மேலே உள்ள தேதியிலிருந்து இத்தனை நாள் என்று மட்டும் இருந்தது. கூட்டிப் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. வந்த நாளையும் ஒரு நாளாகச் சேர்ப்பதே பாதுகாப்பான கணக்கு. ஜனவரியில் 12 நாள், பிப்ரவரியில் 18 நாள். ஆக, பிப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை. நான் திரும்ப டிக்கெட் எடுத்திருந்தது 17ஆம் தேதி திங்கட்கிழமைக்கு. ஒரே ஒரு நாள்தான் கைவசம் இருந்தது.

ஜனவரி 28 என்று டாக்டர் சொன்ன குழந்தை பிப்ரவரி 2ஆம் தேதிதான் பிறந்தது. சீனப் புத்தாண்டு பட்டாசுச் சத்தத்துக்கு நடுவே வந்தாள் பேத்தி. பிள்ளை பெற்றவளுக்கு மூன்று மாதம் பத்தியம் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. குடிநுழைவுத் துறையின் கணக்கில் எனக்கு மிச்சம் இருந்தது 16 நாள். 11ஆம் தேதி தைப்பூசம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தைத் தெருவோரம் நின்று பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அதோடு ஊருக்குக் கிளம்பியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

அஞ்சடியில் விழுந்த கதை

13ஆம் தேதி வியாழக்கிழமை, மகளுக்குச் சுக்கும் மிளகும் திப்பிலியும் வாங்க மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். அங்குள்ள நம்மவர்களுக்கு அது கடைத்தெரு. 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் அதற்குப் பக்கத்துத் தெருவில்தான். பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரில் பழைய கடைகளின் முன்னால் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி நடக்க ஒரு தாழ்வாரம் ஓடும். ஐந்தடி அகலம் என்பதால் அஞ்சடி. பார்க்க அழகு. ஆனால் ஒரு கடையின் தரை போல அடுத்த கடையின் தரை இருக்காது. ஓரிடத்தில் அரையடி ஏறும், அடுத்த இடத்தில் இறங்கும். பூக்கடைக்காரர் தெளித்த தண்ணீர் ஒரு படியில் தேங்கியிருந்தது. திப்பிலிப் பொட்டலத்தைக் கெட்டியாகப் பிடித்தபடி விழுந்தேன். பொட்டலம் பத்திரம். வலது கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை ஆபரேஷன். உலோகத் தகடு வைத்தார்கள். பினாங்கு ஆஸ்பத்திரிகளுக்குப் பேர்போன ஊர். இந்தோனேசியாவின் மேடானிலிருந்து வைத்தியத்துக்கென்றே ஆட்கள் விமானத்தில் வந்து போகிறார்கள். வைத்தியத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அனுப்பும்போதுதான் டாக்டர் சொன்னார், மூன்று வாரத்துக்கு விமானம் கூடாது என்று. காலில் ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போகும் ஆபத்து இருக்கிறதாம்.

மருமகன் விமான டிக்கெட்டை மாற்றுவதைப் பற்றி யோசித்தார். நான் அப்போதுதான் கைப்பையை எடுத்து வரச் சொல்லி பாஸ்போர்ட்டைத் திறந்தேன். சனியும் ஞாயிறும் ஆபீஸ் விடுமுறை. கையில் இருந்தது திங்கள், செவ்வாய் இரண்டே நாள்.

ஆளுக்கொரு யோசனை

வீட்டுக்குப் பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு யோசனையும் கொண்டுவந்தார்கள். “ரெண்டு வாரம் கூட இருந்தா ஒண்ணும் ஆகாது, ஏர்ப்போர்ட்ல அபராதம் கட்டிக்கலாம்” என்றார் ஒருவர். “பட்டர்வொர்த்துல ரயில் ஏறி பாடாங் பெசார் போய் தாய்லாந்துக்குள்ள காலை வச்சிட்டு வந்தா புதுசா முப்பது நாள்” என்றார் இன்னொருவர். எந்தக் காலை வைப்பது என்று கேட்டேன். சிரித்தார்கள்.

சிரிப்புக்கு அப்பால் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் யோசனை சட்டப்படி குற்றம். மலேசியாவின் 1959/63 குடிநுழைவுச் சட்டம் 15ஆம் பிரிவின்படி, பாஸ் முடிந்தும் தங்குகிறவருக்கு 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், அல்லது ஐந்து வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். நம் பணத்தில் அப்போது ஏறக்குறைய இரண்டு லட்சம் ரூபாய். எல்லோரையும் கோர்ட்டில் நிறுத்துவதில்லை. சிறிய தவறுக்குச் சமாதானக் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுப்புவதும் உண்டு. ஆனால் அது அவர்களாகப் பார்த்துச் செய்வது. அதற்குப் பிறகு பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறினால், பேத்தியின் காதுகுத்துக்குப் போக முடியாது.

இரண்டாவது யோசனை குற்றமில்லை. ஆனால் அது நீட்டிப்பும் இல்லை. எல்லை தாண்டினால் பழைய பாஸ் முடிந்துவிடும். திரும்பி வரும்போது நாம் புதிதாக வந்த ஆள். உள்ளே விடுவதா, எத்தனை நாள் கொடுப்பது என்பது அந்த நேரத்து அதிகாரியின் கையில். அடிக்கடி இப்படிப் போய்வருகிறவரை, இவர் சுற்றிப் பார்க்க வந்தவரா, குடியிருக்க வந்தவரா என்று சந்தேகித்துத் திருப்பி அனுப்பலாம். அதைக் கேட்டு வாதாட நமக்கு உரிமை இல்லை.

நாட்டுக்கு நாடு இதில் மரபு வேறு. பக்கத்து தாய்லாந்தில் சுற்றுலாப் பயணி குடிநுழைவு ஆபீஸுக்குப் போய் 1,900 பாட் கட்டி மனுக் கொடுத்தால் பெரும்பாலும் 30 நாள் கூடக் கிடைக்கும். மலேசியாவில் அப்படி இல்லை. குறுகிய கால வருகை பாஸை நீட்டுவது விதிவிலக்கு. உடல்நலக் குறைவு, விபத்து, சொந்த நாட்டில் போர் என்பது போல நம் கையை மீறிய காரணம் வேண்டும். பேத்தியின் முகத்தைப் பார்த்தால் கிளம்ப மனசில்லை என்பது காரணம் அல்ல. என் மகளின் பிரசவமும் காரணம் அல்ல. உடைந்த கால்தான் காரணம்.

தேதி இல்லாத கடிதம்

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் சக்கர நாற்காலியில் என்னை பீச் ஸ்ட்ரீட்டின் கோடிக்குத் தள்ளிக்கொண்டு போனார் மருமகன். விக்டோரியா ராணி 60 வருஷம் ஆண்டதற்காக, வருஷத்துக்கு ஓர் அடி என்று 60 அடி உயரத்தில் சியா சென் இயோக் என்ற சீனச் செல்வந்தர் கட்டிக்கொடுத்த மணிக்கூண்டு அந்தப் பக்கம்தான். எதிரே கார்ன்வாலிஸ் கோட்டை. பழைய வெள்ளைக்கார அரசாங்கத்தின் வாசலில்தான் இன்றைய குடிநுழைவு ஆபீஸும் இருக்கிறது.

நம்பர் சீட்டு வாங்கி உட்கார்ந்தோம். 33 வருஷம் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்கு, இந்தப் பக்கம் உட்காருவது வேறு மாதிரியான படிப்பு. என்னைச் சுற்றிப் படிவம் நிரப்பத் தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தபோது, என் கவுன்டரில் நான் அலட்சியமாக “நிரப்பிக்கிட்டு வாங்க” என்று அனுப்பியவர்களின் முகமெல்லாம் ஞாபகம் வந்தது.

ஐ.எம்.எம். 55 என்ற படிவம், பாஸ்போர்ட், அதன் நகல்கள், ஆஸ்பத்திரிக் கடிதம், மருமகனின் பாஸ் நகல். எல்லாவற்றையும் அடுக்கிக் கொடுத்தோம். கவுன்டரில் இருந்த மலாய்ப் பெண் அதிகாரி என் கட்டுப்போட்ட காலைப் பார்த்தார். கடிதத்தைப் பார்த்தார். திருப்பி எங்களிடமே நீட்டினார்.

“மாக்சிக், இதில் தேதி இல்லை” என்றார். மாக்சிக் என்றால் அத்தை, பெரியம்மா மாதிரி மரியாதையான அழைப்பு.

வாங்கிப் படித்தேன். கால் முறிவு, ஆபரேஷன், ஓய்வு தேவை. அவ்வளவுதான். எத்தனை நாள் ஓய்வு, எந்தத் தேதி வரை பயணம் கூடாது என்ற ஒரு வரி இல்லை. தொகை எழுதாத மணியார்டர் மாதிரி. என் கவுன்டருக்கு வந்திருந்தால் நானும் திருப்பித்தான் கொடுத்திருப்பேன். இன்னொன்றும் கேட்டார்: ஊருக்குப் போகும் டிக்கெட் எங்கே? மருமகன் இன்னும் தேதி மாற்றவில்லை. பாஸ் கிடைத்த பிறகு டிக்கெட் மாற்றலாம் என்பது எங்கள் நினைப்பு. டிக்கெட்டைப் பார்த்த பிறகு பாஸ் என்பது அவர்கள் ஒழுங்கு. யோசித்தால் அதுதான் நியாயம். கூட இருக்க வேண்டும் என்பதை நாம் சொல்லலாம். திரும்பிப் போவோம் என்பதை டிக்கெட்தான் சொல்ல வேண்டும்.

பக்கத்தில் போட்டோஸ்டேட் எடுக்கப் போன கடையில் இருந்த தமிழ்ப் பையன் எங்கள் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டான். “லெட்டர்ல நாள் போடலையா ஆண்டி? டாக்டர்கிட்ட ‘இந்த தேதி வரைக்கும் பறக்க முடியாது’ன்னே எழுதி வாங்குங்க. டிக்கெட்டை அதுக்கு அடுத்த நாளுக்குப் போடுங்க. ரெண்டு தேதியும் ஒண்ணையொண்ணு பார்த்துக்கணும்.” எந்த ஆபீஸ் சுற்றறிக்கையும் இதைவிடத் தெளிவாக இருந்ததில்லை.

அன்று சாயங்காலம் வரை ஆஸ்பத்திரியில் காத்திருந்து புதுக் கடிதம் வாங்கினோம். மார்ச் 10 வரை விமானப் பயணம் கூடாது என்று தேதி போட்டு, டாக்டரின் கையெழுத்தும் ஆஸ்பத்திரி முத்திரையும் இருந்தது. டிக்கெட் மார்ச் 11க்கு மாறியது. செவ்வாய்க்கிழமை, என் பாஸின் கடைசி நாளில், மறுபடி அதே வரிசை. அதே அதிகாரி கடிதத்தையும் டிக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் தொட்டுப் பார்த்தார். உள்ளே எடுத்துப் போனார். மத்தியானம் கட்டணம் கட்டி ரசீது வாங்கினோம். பாஸ்போர்ட்டில் புதிய முத்திரை: மார்ச் 13 வரை. டிக்கெட்டுக்கு மேல் இரண்டு நாள் தாராளம். இந்த முறை அங்கேயே உட்கார்ந்து, கண்ணாடி போட்டு, எழுத்து எழுத்தாகப் படித்தேன்.

நாங்கள் புதன்கிழமை போயிருந்தால்? அப்போது நான் பாஸ் நீட்டிக்கக் கேட்கும் விருந்தாளி இல்லை, பாஸ் முடிந்தும் தங்கிய ஆள். அந்த நிலையில் உள்ளவர் கேட்பது நீட்டிப்பும் அல்ல. சிறப்பு பாஸ் என்று ஒன்று உண்டு, கட்டணம் 100 ரிங்கிட், ஊருக்குக் கிளம்புவதற்கு ஏற்பாடு செய்துகொள்ளக் கொடுக்கிற அவகாசம் அது. அதையும் விளக்கம் கேட்டு, திருப்திப்பட்டால்தான் கொடுப்பார்கள். ஒரு ராத்திரியில் ஆள் மாறிவிடுகிறோம்.

விதியே வளைந்த ஒரு காலம் உண்டு. 2020 மார்ச் 18ஆம் தேதி கொரோனாவுக்காக மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, விமானம் இல்லாமல் சிக்கிக்கொண்ட வெளிநாட்டுப் பயணிகளில் நம் ஊர்க்காரர்களும் ஏராளம். அந்தக் காலத்தில் பாஸ் முடிந்தவர்கள் சிறப்பு பாஸ் இல்லாமலேயே நாடு திரும்பலாம் என்று குடிநுழைவுத் துறை அனுமதித்தது. உலகமே நின்றபோது கிடைத்த சலுகை அது. என் கால் ஒன்று நின்றதற்குக் கிடைக்காது.

தாத்தா எண்ணாத நாட்கள்

கட்டிலில் கிடந்த மூன்று வாரமும் தாத்தாவை நினைத்துக்கொண்டேன். அவர் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, ஏறக்குறைய ஒரு வாரம் கடலில் கிடந்து பினாங்கில் இறங்கியவர். சூலியா தெருவில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதினார். அவர் காலத்தில் நாகையும் பினாங்கும் ஒரே வெள்ளைக்காரன் கொடியின் கீழ். அம்மைக்கும் காலராவுக்கும் பயந்து ஜெரெஜாக் தீவில் கொஞ்ச நாள் ஒதுக்கி வைப்பார்களே தவிர, எத்தனை நாள் இருப்பாய் என்று யாரும் கேட்டதில்லை. 1953இல் புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் கதவு ஒடுங்கியது. 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்றானபோது ஆயிரக்கணக்கான தமிழர்களோடு அவரும் ஊர் திரும்பினார். அவர் எழுதிய கணக்குப் புத்தகமெல்லாம் அங்கேயே கிடந்தது. நாள் எண்ணத் தெரியாமல் போனவர்கள் அவர்கள். எண்ணத் தெரிந்தும் எண்ணாமல் போனவள் நான்.

இன்றும் எண்ணாமல் போகிறவர்கள் உண்டு. அவர்கள் கதை என்னுடையது போல் சிரித்து முடிவதில்லை. “டூரிஸ்டா போ தம்பி, ஓட்டல்ல வேலைக்குச் சேர்ந்ததும் பெர்மிட்டா மாத்திக்கலாம்” என்று நம் ஊர் ஏஜென்ட் சொல்கிற வார்த்தையை நம்பிப் போகும் பையன்கள்தான் அவர்கள். வருகை பாஸில் வேலை செய்யவே கூடாது. முப்பதாவது நாள் தாண்டியதும் பாஸ்போர்ட் முதலாளியிடம், பையன் சமையல்கட்டில், வெளியே தலைகாட்டினால் போலிஸ். இப்படி மாட்டிக்கொண்டவர்கள் தாங்களாக வந்து 500 ரிங்கிட் சமாதானக் கட்டணம் கட்டி ஊர் திரும்ப, மலேசிய அரசு 2024 மார்ச் 1 முதல் டிசம்பர் 31 வரை ஒரு திட்டமே நடத்தியது. நம் பக்கத்திலும் சட்டம் இருக்கிறது. 1983ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாவது தேறாதவர் வேலைக்குப் போக முன் அனுமதி வாங்க வேண்டிய 18 நாடுகளில் மலேசியாவும் ஒன்று. பதிவு பெற்ற ஏஜென்ட்தானா என்று இந்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பார்க்கலாம். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரிக்கலாம். டூரிஸ்டாகப் போய் வேலைக்கு மாறலாம் என்று சொல்கிற ஆளிடம் அட்வான்ஸ் கொடுக்கும் முன், அந்த ஒரு விசாரணை போதும்.

எங்களைப் போன்ற பெற்றோருக்கும் நேர்வழி உண்டு என்பதை நான் கட்டிலில் கிடந்தபோதுதான் மகள் கண்டுபிடித்தாள். அங்கே எம்ப்ளாய்மென்ட் பாஸில் வேலை செய்கிறவர், அந்தப் பாஸின் வகையைப் பொறுத்து, தன் பெற்றோருக்கோ மாமனார் மாமியாருக்கோ நீண்டகால சமூக வருகை பாஸ் கேட்கலாம். கம்பெனி மூலமாகவே மனுப் போக வேண்டும், நாளும் பிடிக்கும். ஆனால் பிரசவம் திடீரென்று வருகிற சங்கதியா? எட்டு மாதம் அவகாசம் இருந்தது. அந்த எட்டு மாதமும் நாங்கள் வளைகாப்புப் புடவையைப் பற்றித்தான் பேசினோம்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். மலேசியா எனக்கு விருந்துக்கு 30 நாளும் மருந்துக்கு 23 நாளும் கொடுத்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. மார்ச் 11ஆம் தேதி, ஊன்றுகோலோடு விமானம் ஏறினேன். வெளியேறும் கவுன்டரில் இருந்த இளைஞர் முத்திரையைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், ஒரு கேள்வியும் கேட்காமல் குத்தி அனுப்பினார்.

பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு கிளம்பும் என் வயதுக்காரர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. முத்திரை விழுந்த இடத்திலேயே, வரிசையை விட்டு நகர்வதற்குள், எந்தத் தேதியில் முடிகிறது என்று எண்ணி வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்னதாகவே திரும்பும் டிக்கெட் எடுங்கள். கால் எங்கே தவறும் என்று யாருக்கும் தெரியாது. தேதி எங்கே முடியும் என்பது மட்டும் முதல் நாளே தெரியும்.